வரியும் வயலும் (17): விலக்குப் பட்டியலில் யாருக்கு இடம்?

சென்ற பகுதியில், 1955-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்கா தன் பால்பொருட்கள், வேர்க்கடலை, பருத்தி, சர்க்கரை ஆகியவற்றுக்கு ‘காட்’ என்னும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் விதிகளிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்ட வரலாற்றைப் பார்த்தோம். உலக வணிகத்துக்கு விதி எழுதிய நாடே முதல் பெரிய விலக்கையும் எழுதிக்கொண்டது. நாற்பது ஆண்டுகள் அந்த விலக்கு நீடித்தது. அதே கதை நம் கடற்கரைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று இப்போது பார்ப்போம்.

மாமல்லபுரத்தில் பேசப்பட்ட ஒப்பந்தம்

2019 அக்டோபர் 11 மாலை, வேட்டி சட்டையில் வந்த பிரதமர் மோடி சீன அதிபர் ஷி ஜின்பிங்குக்கு அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் கடற்கரைக் கோயிலையும் சுற்றிக் காட்டினார். அந்தப் படங்களை உலகமே பார்த்தது. மறுநாள் கோவளத்துக் கடலோர விடுதி ஒன்றில் இருவரும் பேசியவற்றில் ஆர்செப் என்னும் பிராந்திய முழுமைப் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தமும் ஒன்று. இந்தியாவின் கவலைகள் உரிய முறையில் பேசப்படும் என்று சீனத் தரப்பு சொன்னதாக வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே செய்தியாளர்களிடம் தெரிவித்தார்.

2012 நவம்பரில் புனோம்பென் நகரில் தொடங்கிய பேச்சு அது. ஆசியான் நாடுகள் பத்து, அவற்றோடு சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா என மொத்தம் பதினாறு நாடுகள். தங்களுக்குள் விற்கும் பொருட்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இறக்குமதி வரியைப் படிப்படியாக நீக்குவது நோக்கம். ‘மிகப் பெரும்பாலானவை’ போக மிச்சம் இருக்கும் சிறு பகுதிதான் விலக்குப் பட்டியல். அதில் எந்தப் பொருள் ஏறுகிறது, எது ஏறவில்லை என்பதில்தான் ஏழு ஆண்டுப் பேச்சின் பெரும்பாடு இருந்தது.

சுங்க அட்டவணையில் உலகின் எல்லாப் பொருட்களும் எண்ணிட்டு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வேளாண் பொருட்கள் அவற்றில் சில நூறு இனங்கள்தான். பத்து விழுக்காட்டு இனங்களை விலக்கலாம் என்று ஒரு நாடு பெற்றுக்கொண்டால், அந்த ஐந்நூறு இடங்களுக்கு உள்நாட்டிலேயே போட்டி தொடங்கிவிடும். எஃகு ஆலைகள் கேட்கும், மோட்டார் வாகனத் தொழில் கேட்கும், ஜவுளி கேட்கும், ரசாயனத் தொழில் கேட்கும். அவர்களுக்கு டெல்லியில் சங்கங்கள் உண்டு, அமைச்சகக் கதவைத் தட்ட ஆள் உண்டு. மதுராந்தகத்து நெல்லுக்கும் திருக்கழுக்குன்றத்துப் பாலுக்கும் யார் போய்க் கேட்பது?

பாலுக்கு அன்று கேட்க ஆள் இருந்தது. நியூசிலாந்து தன் பால் உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதி செய்யும் நாடு. அதன் பால் பவுடர் வரியில்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பது இங்குள்ள பால் கூட்டுறவுகளுக்குத் தெரியும். பால் மிகுதியாகக் கறக்கும் மாதங்களில் உபரியைப் பவுடராக்கி வைத்து, குறையும் மாதங்களில் அதைக் கரைத்து ஈடுகட்டுவது அவர்கள் வழக்கம். வெளிநாட்டுப் பவுடரின் விலை சரிந்தால் கையிருப்பின் மதிப்பும் சரியும். அந்த நட்டம் கடைசியில் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் ஊற்றும் வீட்டுப் பெண்ணின் கொள்முதல் விலையில் வந்து விடியும். அமுல் முதலான கூட்டுறவுகளும் உழவர் சங்கங்களும் நாடு முழுக்க எதிர்ப்புக் குரல் எழுப்பின. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக் மாநாட்டில் இந்தியா சேரவில்லை என்று அறிவித்தது. வேளாண்மை மட்டுமே காரணம் அன்று. சீனாவுடன் அப்போதே ஆண்டுக்கு 50 பில்லியன் டாலரைத் தாண்டிய வணிகப் பற்றாக்குறை, இறக்குமதி திடீரென்று பெருகினால் வரியைத் தானாக உயர்த்தும் ஏற்பாடு கிடைக்காதது, வரிக்குறைப்புக்கு எந்த ஆண்டை அடிப்படையாகக் கொள்வது என்ற பிணக்கு ஆகியவையும் சேர்ந்தன. மற்றப் பதினைந்து நாடுகளும் 2020 நவம்பர் 15 அன்று கையெழுத்திட்டன.



செப்பேட்டில் ஒரு பட்டியல்

வரிவிலக்குப் பட்டியல் தொண்டை மண்டலத்துக்குப் புதிதல்ல. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் வெளியிட்ட காசாக்குடிச் செப்பேடு, ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊரைத் தானமாகத் தருகிறது. காஞ்சியை அடுத்த பகுதி அது; பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் அடங்கியது. அந்த ஊருக்கு எந்தெந்த வரிகள் நீங்கும் என்று செப்பேடு ஒவ்வொன்றாகப் பெயர் சொல்கிறது. செக்கு உண்டு, தறி உண்டு. ‘பரிகாரம்’ என்று பெயர் பெற்ற இந்த விலக்குகள் ஊரார் அறிய அறிவிக்கப்பட்டு, செம்பில் வெட்டி வைக்கப்பட்டன. இன்றைய ஒப்பந்தங்களில் நாம் இழந்திருப்பது அந்த வெளிப்படைத்தன்மையைத்தான்.

சராசரிக்குள் ஒளியும் வரி

வேளாண் வரியைக் குறைப்பதாக உலக நாடுகள் முதன்முறையாக ஒட்டுமொத்தமாக ஒப்புக்கொண்டது காட் பேச்சுகளின் உருகுவே சுற்றில். 1995-இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது அது நடைமுறைக்கு வந்தது. வளர்ந்த நாடுகள் ஆறு ஆண்டுகளில் சராசரியாக 36 விழுக்காடு குறைக்க வேண்டும். எந்தப் பொருளுக்கும் குறைந்தது 15 விழுக்காடு. வளரும் நாடுகளுக்குப் பத்து ஆண்டுகளில் சராசரி 24, குறைந்தது 10.

கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாட்டில் நான்கு பொருட்கள். அரிசி, வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் 100 விழுக்காடு வரி. அந்த நாட்டில் விளையாத ஏதோ ஒரு பொருளுக்கு 4 விழுக்காடு வரி. முதல் மூன்றையும் 85 ஆகக் குறைத்தால் ஒவ்வொன்றிலும் 15 விழுக்காட்டுக் குறைப்பு. நான்காவதை முழுதாக நீக்கினால் அது 100 விழுக்காட்டுக் குறைப்பு. நான்கையும் கூட்டி வகுத்தால் சராசரி 36.25. வாக்குறுதி நிறைவேறிவிட்டது. அரிசியும் வெண்ணெயும் சர்க்கரையும் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதற்கும் மேலே வெளிப்படையான விலக்கு வேறு. ஜப்பான் தன் அரிசியை வரிமுறைக்குள் கொண்டுவர மறுத்து, நாட்டு நுகர்வில் 4 விழுக்காட்டில் தொடங்கும் சிறு அளவை மட்டும் இறக்குமதி செய்வதாகச் சொன்னது. 1999-இல் வரிமுறைக்கு மாறி, அடுத்த ஆண்டிலிருந்து கிலோவுக்கு 341 யென் என்று வைத்தது. தென்கொரியா 2014 வரை தாக்குப்பிடித்து, 2015-இல் 513 விழுக்காடு என்று வரி போட்டது. தங்கள் நெல் உழவரைக் காப்பதில் அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை.

நம் அரிசிக்கு வரி சுழியம்

இனி நம் கதை. உருகுவே சுற்றில் இந்தியா தன் வேளாண் பொருட்களுக்கு மிக உயர்ந்த உச்சவரம்புகளைப் பதிவு செய்தது: மூல விளைபொருட்களுக்கு 100, பதப்படுத்தியவற்றுக்கு 150, சமையல் எண்ணெய்களில் பெரும்பாலானவற்றுக்கு 300 விழுக்காடு. ஒரு நாடு உண்மையில் வசூலிக்கும் வரி வேறு, உலக அமைப்பில் பதிந்துள்ள உச்சவரம்பு வேறு. மதுராந்தகம் ஏரியில் இன்று நிற்கும் நீர்மட்டத்துக்கும் கரையின் உயரத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது அது. நீர் தாழ்ந்திருக்கும் நாளில் கரையின் உயரத்தை யாரும் கவனிப்பதில்லை. வெள்ளம் வரும் நாளில் அதுதான் ஊரைக் காக்கும்.

அன்று அந்தக் கரையில் சில இடங்களில் உயரமே இல்லை. அரிசி, சோளம், மக்காச்சோளம், சிறுதானியங்கள், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் ஆகியவற்றுக்கு இந்தியாவின் உச்சவரம்பு சுழியமாக இருந்தது. பழைய காட் காலத்து வாக்குறுதிகள் அவை. அந்தக் காலத்தில் யாருக்கும் அது உறுத்தவில்லை. அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, இறக்குமதி அளவையே உரிமத்தால் கட்டுப்படுத்தும் உரிமை இந்தியாவுக்கு இருந்தது. உரிமம் இல்லாமல் ஒரு மூட்டை உள்ளே வராது என்றால் வரி எவ்வளவாக இருந்தால் என்ன?

1997-இல் அமெரிக்கா அந்த உரிமையை எதிர்த்து வழக்குப் போட்டது. 1999 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்விலும் இந்தியா தோற்றது. 2001 ஏப்ரல் 1-க்குள் 1,429 இனங்களின் மீதான அளவுக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டியதாயிற்று. கட்டுப்பாடு போனால் சுழிய வரியில் அரிசியும் பால் பவுடரும் உள்ளே வரலாம், சட்டப்படி தடுக்க வழியில்லை என்ற நிலை.

1999 அக்டோபரில் வணிக அமைச்சராகப் பொறுப்பேற்றவர் திருக்குவளையில் பிறந்த முரசொலி மாறன். அவர் காலத்தில்தான் காட் ஒப்பந்தத்தின் 28-ஆம் பிரிவைப் பயன்படுத்தி இந்தியா அந்தப் பழைய வாக்குறுதிகளைத் திரும்பப் பேசி முடித்தது. நெல்லுக்கு 80, அரைத்த அரிசிக்கு 70, பால் பவுடருக்கு 60 விழுக்காடு என்று புதிய உச்சவரம்புகள் கிடைத்தன. விலை கொடுக்காமல் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு 10,000 டன் பால் பவுடரை 15 விழுக்காடு வரியில் அனுமதிக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மக்காச்சோளத்துக்கும் சில எண்ணெய்களுக்கும் இப்படியே குறைந்த வரியில் ஒதுக்கீடு தர நேர்ந்தது. ஒரு காலத்தில் கவனிக்காமல் விட்ட சுழியத்தைத் திருத்த அரை நூற்றாண்டு கழித்துச் செலுத்திய கட்டணம் அது. இன்று பாலாற்றங்கரையிலும் ஏரிப் பாசனத்திலும் நெல் நடும் ஒவ்வொருவருக்கும் தாய்லாந்து, வியட்நாம் அரிசியிலிருந்து கிடைக்கும் காப்பு, அன்று பேசி வாங்கிய அந்த வரம்புதான். பத்திரிகைகளில் அது போதிய இடம் பெறவில்லை. மாறனை 2001 தோஹா மாநாட்டில் தனித்து நின்றவராக நினைவில் வைத்திருக்கிறோம். இந்த அமைதியான வேலைக்காகவும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு விழுக்காடு செய்யும் வேலை

தோஹா சுற்றில் வேளாண் வரியைக் குறைக்கப் புதிய சூத்திரம் பேசப்பட்டது: வரி எவ்வளவு உயரமோ வெட்டும் அவ்வளவு ஆழம். கூடவே இரண்டு விலக்குகள். எல்லா நாடுகளும் சில பொருட்களை ‘நுண்ணுணர்வுப் பொருட்கள்’ என்று சொல்லிக் குறைவாக வெட்டலாம். வளரும் நாடுகள் உணவுப் பாதுகாப்பு, வாழ்வாதாரம், கிராம வளர்ச்சி என்ற மூன்று அளவுகோல்களின்படி ‘சிறப்புப் பொருட்களை’த் தாங்களே தேர்ந்துகொள்ளலாம்.

உலக வங்கிக்காக கிம் ஆண்டர்சனும் வில் மார்ட்டினும் அந்நாளில் தொகுத்த ஆய்வு ஒரு கணக்கைச் சொன்னது. வளர்ந்த நாடுகள் தம் வேளாண் இனங்களில் வெறும் 2 விழுக்காட்டையும், வளரும் நாடுகள் 4 விழுக்காட்டையும் இப்படி ஒதுக்கி வைத்தாலே, வேளாண் வரிக்குறைப்பால் உலகத்துக்குக் கிடைக்கும் ஆதாயத்தில் முக்கால் பங்கு மறைந்துவிடும். எந்த வரியும் 200 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு கூரை போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். காரணம் எளிது. உயர்ந்த வரிகள் எல்லாப் பொருட்களிலும் பரவிக் கிடப்பதில்லை. அரிசி, சர்க்கரை, பால், இறைச்சி என்ற ஒரு கைப்பிடிப் பொருட்களில் குவிந்து கிடக்கின்றன. அந்தக் கைப்பிடியை ஒளித்துவைத்தால் மீதமுள்ள 98 விழுக்காட்டைத் திறந்தாலும் பெரிதாக எதுவும் நகராது.

இந்தக் கணக்கைப் பணக்கார நாடும் சொல்லலாம், ஏழை நாடும் சொல்லலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நூறு ஏக்கர் பண்ணையாளர் ஒருவருக்கு அரசு மானியமும் கொடுத்து விலக்கும் கொடுப்பது ஒன்று. இரண்டு ஏக்கரும் ஒரு கறவை மாடும் மட்டுமே கொண்ட குடும்பத்துக்கு விலக்கு ஒன்றையே பாதுகாப்பாகக் கொடுப்பது வேறொன்று. 2008 ஜூலையில் ஜெனிவாவில் உலக வர்த்தக அமைப்பின் தலைமை இயக்குநர் பாஸ்கல் லாமி முன்வைத்த வரைவு வளரும் நாடுகளுக்கு 12 விழுக்காட்டு இனங்களைச் சிறப்புப் பொருட்களாக அனுமதித்தது. அவற்றில் 5 விழுக்காட்டுக்கு வெட்டே வேண்டாம். பட்டியலில் ஓரளவு உடன்பாடு வந்தது. ஆனால் திடீர் இறக்குமதி வந்தால் வரியைப் பழைய உச்சவரம்புக்கு மேலே உயர்த்தும் உரிமை, இறக்குமதி 40 விழுக்காடு கூடிய பிறகுதான் கிடைக்கும் என்றார்கள். அதுவரை காத்திருந்தால் உழவர் அழிந்துவிடுவார் என்றது இந்தியா. அன்றைய வணிக அமைச்சர் கமல்நாத் உறுதியாக நின்றார். ஜூலை 29 அன்று பேச்சு முறிந்தது.

கடலைக்கொல்லையில் நடந்தது

ஒரு பொருளைக் காத்தால் போதாது, அதன் இடத்தில் வந்து உட்காரக்கூடிய பொருளையும் காக்க வேண்டும் என்பதற்கு வேர்க்கடலை சாட்சி. செங்கல்பட்டின் மானாவாரி மேட்டு நிலங்களில் கடலை நெடுங்காலப் பயிர். ஊருக்கு ஊர் செக்கு இருந்த பூமி இது. எண்ணெய்களுக்கு 300 விழுக்காடு வரை வரி போடலாம் என்ற உரிமை இந்தியாவிடம் இருந்தாலும், சோயா எண்ணெய்க்கு மட்டும் உச்சவரம்பு 45 விழுக்காடு. பாமாயில் வரியை மிக உயர்த்தினால் வியாபாரிகள் சோயாவுக்கு மாறுவார்கள். ஒரே ஒரு தாழ்ந்த வரம்பு மற்ற எண்ணெய்களின் காப்பையும் பலவீனமாக்கிவிட்டது.

பிறகு ஆசியான் ஒப்பந்தம் வந்தது. 2009 ஆகஸ்ட் 13-இல் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1-இல் தொடங்கியது. அதன் விலக்குப் பட்டியலில் 489 இனங்கள். பெரும்பகுதி வேளாண் பொருட்கள். ஆனால் மலேசியாவும் இந்தோனேசியாவும் எதற்காகப் பேச வந்தனவோ அந்தப் பாமாயில் விலக்கில் இல்லை. காபி, தேயிலை, மிளகோடு ‘சிறப்புப் பொருட்கள்’ என்ற தனி வரிசையில் அதை வைத்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் தோஹாவில் பேசிய சிறப்புப் பொருள் வேறு. இங்கே அதன் பொருள் மெதுவாக வெட்டுவது. கச்சா பாமாயில் வரி 80-இலிருந்து 37.5-க்கும், சுத்திகரித்தது 90-இலிருந்து 45-க்கும் பத்தாண்டில் இறங்க வேண்டும் என்று எழுதினார்கள். இறங்கியது. நம் ரேஷன் கடைகளில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் ஏழை வீட்டு அடுப்புக்கு உதவியது என்பதை மறுக்க மாட்டேன். அதே நேரத்தில் கடலை பயிரிட்டவருக்கு எந்த ஈடும் தரப்படவில்லை. நுகர்வோருக்கு ஆதாயம் வரும்போது அதன் செலவை ஒரு தரப்பு மட்டும் சுமப்பது நீதியாகாது. இன்று நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி.

மீன், வேளாண் பொருள் அல்ல

கடற்கரைக்கு வருவோம். உலக வர்த்தக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் எந்தெந்தப் பொருட்களுக்கு என்று அதன் முதல் இணைப்பு சொல்கிறது: முதன்மையாகச் சுங்க அட்டவணையின் முதல் 24 அத்தியாயங்கள், மீனும் மீன் பொருட்களும் நீங்கலாக. இந்த ஒரு தொடரால் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரையில் வலை இழுப்பவரும் உப்பங்கழியோரம் இறால் வளர்ப்பவரும் வேளாண் பேச்சுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்கள் பொருளின் வரி, ரசாயனமும் இயந்திரமும் பேசப்படும் தொழில்துறைப் பேச்சில் பேசப்பட்டது. சிறப்புப் பொருள் என்ற காப்பும் அங்கே கிடையாது.

இறால் நமக்கு ஏற்றுமதிப் பொருள். முட்டுக்காட்டில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு ஆய்வு நிறுவனம் இத்தனை ஆண்டுகள் உழைத்தது இந்தத் தொழிலுக்காகத்தான். அதனால் இங்கே பிரச்சினை மறுபக்கமானது: நம் பட்டியலில் என்ன இருக்கிறது என்பதல்ல, வாங்குபவர் பட்டியலில் என்ன இருக்கிறது என்பது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக்கியது. அதே ஆண்டு நவம்பரில், தன் நாட்டு விலைவாசியைக் குறைக்க, காபி, தேயிலை, நறுமணப் பொருட்கள், வாழைப்பழம், மாட்டிறைச்சி முதலிய உணவுப் பொருட்களுக்கு அந்த வரிகளிலிருந்து விலக்கு அளித்தது. நீலகிரித் தேயிலைக்குக் கதவு திறந்தது. இறால் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்தில் இதற்கு நேர்மாறு: அவர்கள் இறாலுக்கு வரியை நீக்க ஒப்புக்கொண்டார்கள், நாம் பால்பொருட்களை விலக்கில் வைத்துக்கொண்டோம். ஒரே ஆண்டில், ஒரே பொருளுக்கு, இரண்டு பட்டியல்கள் இரண்டு தலைவிதிகளை எழுதின.

பட்டியலை யார் எழுதுவது?

இத்தனை ஆண்டு வரலாற்றிலிருந்து எனக்குத் தெளிவாகும் முடிவு இதுதான். வரிக்குறைப்பு எத்தனை விழுக்காடு என்பது ஒப்பந்தத்தின் தலைப்பு மட்டுமே. விலக்குப் பட்டியல்தான் ஒப்பந்தம். அந்தப் பட்டியலை இனங்களின் எண்ணிக்கையால் அளப்பது தவறு. ஒரு இனத்தில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால் அளக்க வேண்டும். எதைக் காப்பது என்று தீர்மானிக்கும்போது அதற்கு மாற்றாக வரக்கூடியதையும் பார்க்க வேண்டும். காக்க முடியாததைத் திறக்கும்போது, நட்டப்படுபவருக்கு ஈட்டுத்தொகை அதே ஏட்டில் எழுதப்பட வேண்டும்.

நம் அரசமைப்பில் வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அயல்நாட்டு ஒப்பந்தமும் சுங்க வரியும் ஒன்றியப் பட்டியலில். நெல்லுக்குப் பொறுப்பு சென்னைக்கு, நெல்லின் வரிக்குக் கையெழுத்து டெல்லியில். கையெழுத்துக்கு முன் மாநிலச் சட்டமன்றத்தில் விவாதம் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இன்று கட்டாயப்படுத்தவில்லை. அந்தச் சட்டம் வர வேண்டும். ஆர்செப்பில் பால் தப்பியது, கூட்டுறவாகத் திரண்டு அது குரல் கொடுத்ததால். கடலைக்கும் இறாலுக்கும் கருவாட்டுக்கும் அப்படி ஒரு குரல் இன்னும் உருவாகவில்லை.

எனவே வாசகர்களுக்கு, குறிப்பாக உழவர் சங்கங்களிலும் மீனவர் கூட்டுறவுகளிலும் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வர்த்தக ஒப்பந்தம் பேசப்படுகிறது என்ற செய்தி வந்ததும், கையெழுத்துக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் பொருளின் சுங்க எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். அது விலக்கில் இருக்கிறதா, மெதுவாக வெட்டும் வரிசையில் இருக்கிறதா, உடனே நீங்கும் வரிசையில் இருக்கிறதா என்று உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்துமூலம் கேளுங்கள். கையெழுத்தான பின் கேட்டால் பதில் கிடைக்கும், மாற்றம் கிடைக்காது.

(அடுத்த பகுதியில்: ஆசியான் ஒப்பந்தமும் கேரளத்து மிளகும்)